மொசாம்பிக் துவரையும் அத்திப்பட்டு நெல்லும்: தராசு யார் கையில்?



போன மாசம் சங்கக் கூட்டத்தில் நான் ஆப்பிரிக்க விவசாயிகளின் கூட்டுறவுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்றார். "ஏம்பா செயலாளரு, நம்ம நெல்லே ரோட்டுல கொட்டிக் கிடக்குது. ஆப்பிரிக்காக்காரனுக்கு நீ இன்னாத்துக்கு வக்காலத்து வாங்குற?" என்று கேட்டார். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு அவருக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. மைக் வேறு மக்கர் பண்ணியது. அதனால் இந்தத் துண்டுப் பிரசுரத்தில் அந்தப் பதிலை எழுதுகிறேன். பெரியவர் படிக்கத் தெரியாதவர். அவர் பேரன் படித்துக் காட்டட்டும்.

அத்திப்பட்டில் இருந்து பார்த்தால் ராத்திரி பகல் பாராமல் கண்டெய்னர் லாரி ஓடுகிறது. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஆனால் நம் நாட்டுக்குக் கப்பலில் வருகிற சரக்கில் ஒன்று துவரை. நாம் தினம் சாம்பார் வைக்கிற துவரம் பருப்பில் ஒரு பங்கு மியான்மரில் இருந்தும், ஆப்பிரிக்காவின் மொசாம்பிக், தான்சானியா, மலாவி நாடுகளில் இருந்தும் வருகிறது. அங்கே அதைப் பயிர் செய்கிறவன் ஆயிரம் ஏக்கர் பண்ணைக்காரன் இல்லை. நம்மைப் போல ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர்க்காரன். மண்வெட்டியால் கொத்தி, மக்காச்சோளத்துக்கு நடுவில் ஊடுபயிராகப் போடுகிறான். மொசாம்பிக்கில் துவரையை மக்கள் அதிகம் சாப்பிடுவதும் இல்லை. இந்தியா வாங்கும் என்று நம்பித்தான் போடுகிறான்.

இந்தத் துவரைக்கு நடந்த கதையைக் கேளுங்கள்.

2015-ல் நம் நாட்டில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. ஞாபகம் இருக்கும். டெல்லி அரசாங்கம் பதறிப்போய் இரண்டு வேலை செய்தது. ஒன்று, நம் விவசாயியைப் பார்த்து "துவரை போடு, நல்ல விலை தருகிறோம்" என்றது. இரண்டு, 2016 ஜூலையில் பிரதமர் மொசாம்பிக் போனபோது ஒரு ஒப்பந்தம் போட்டது. முதல் வருஷம் ஒரு லட்சம் டன், படிப்படியாக இரண்டு லட்சம் டன் வாங்குகிறோம் என்று அந்த நாட்டுக்கு வாக்குக் கொடுத்தது. இங்கே உள்ளவனும் விதைத்தான். அங்கே உள்ளவனும் விதைத்தான். மழையும் பெய்தது. 2016-17-ல் இந்தியாவில் துவரை அமோக விளைச்சல். அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு போனஸ் சேர்த்து 5,050 ரூபாய். மகாராஷ்டிராவிலும் கர்நாடகாவிலும் 4,000 ரூபாய்க்குக் கீழே விற்றுவிட்டு அழுதார்கள்.

உடனே 2017 ஆகஸ்டில் டெல்லி இறக்குமதிக்குப் பூட்டுப் போட்டது. வருஷத்துக்கு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் துவரை வரக் கூடாது என்றது. அரசுக்கும் அரசுக்கும் போட்ட மொசாம்பிக் ஒப்பந்தத்துக்கு மட்டும் விலக்கு. அது நம் விவசாயியைக் காப்பாற்றத்தான் என்று சொன்னார்கள். ஆனால் பூட்டுப் போட்ட நேரம், அங்கே அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம். மொசாம்பிக், தான்சானியா, மலாவி மூன்று நாட்டிலும் விலை தரைக்கு வந்தது. வாங்க ஆள் இல்லாமல் வீட்டில் வைத்துப் புழுத்துப் போனது. அவனுக்குத் தெரிந்தது எல்லாம், "இந்தியா வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டது" என்பதுதான். இங்கே குல்பர்காவில் அழுதவனுக்குத் தெரிந்தது எல்லாம், "வெளிநாட்டுத் துவரை வந்து நம்மைக் கெடுத்துவிட்டது" என்பதுதான். இரண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் திட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் கிடங்கு வைத்திருந்தவன் இரண்டு பக்கமும் மலிவாக வாங்கி அடுக்கினான். கடைசியில் 2021 மே மாதம் பூட்டைத் திரும்பவும் திறந்துவிட்டார்கள்!

குழாயைத் திறப்பதும் மூடுவதும் யார்? நாமும் இல்லை, அவனும் இல்லை.

இது ஒரு வழிப் பாதை என்று நினைக்காதீர்கள். நம் அரிசி அங்கே போகிறது. செனகல், பெனின், ஐவரி கோஸ்ட் மாதிரி மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் இந்திய அரிசியை நம்பி அடுப்புப் பற்ற வைக்கிறார்கள். 2023 ஜூலையில் ஒரே ராத்திரியில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2024 செப்டம்பர் கடைசியில் தடையை நீக்கினார்கள். அந்த ஒன்றேகால் வருஷம் அங்கே ஏழை வீட்டில் அரிசி விலை ஏறியது. இங்கே நெல் விளைவித்தவனுக்கு வெளிச்சந்தை விலை கிடைக்காமல் போனது. இடையில் சில நாடுகளுக்கு மட்டும் தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனம் என்று 2023-ல் ஆரம்பித்த ஒரு அமைப்பு மூலமாக அனுப்பினார்கள். பேரில் கூட்டுறவு இருக்கிறது. சந்தோஷம். ஆனால் அந்த அரிசிக்கு நெல் போட்ட எந்தக் கிராமத்து சொசைட்டியைக் கேட்டு விலை பேசினார்கள்?

சரி, இப்போது நம் ஊருக்கு வருகிறேன். பெரியவர் கேட்டது அதைத்தானே.

2021 தை மாசம். பொங்கல் சமயத்தில் விடாமல் மழை பெய்ததே, அந்த வருஷம். எனக்கு இரண்டு ஏக்கர் சம்பா. அறுத்துக் கொண்டுபோய் ஒரு கொள்முதல் நிலையத்தில் குவித்தேன். எந்த நிலையம் என்று இங்கே எழுதவில்லை. அங்கே வேலை பார்த்த பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களுக்கும் மேலே ஆள் இருந்தது. கூரை இல்லை. களம் இல்லை. தார்ப்பாய் நாமே கொண்டுபோகணும். ஒன்பது ராத்திரி நெல்லுக்குப் பக்கத்தில் படுத்தேன். ஈரப்பதக் கருவி 17 காட்டினால்தான் எடுப்போம் என்றார்கள். மழையில் எங்கே 17 காட்டும்? பத்தாம் நாள் அடிநெல் முளைவிட்டுவிட்டது. என் வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனாள்.

அந்த வருஷம் சாதா ரகத்துக்கு ஊக்கத்தொகை சேர்த்து அரசு விலை குவிண்டால் 1,918 ரூபாய். 75 கிலோ மூட்டைக் கணக்கில் 1,438 ரூபாய் வரும். நான் வியாபாரியிடம் 1,050 ரூபாய்க்குக் கொடுத்தேன். 52 மூட்டை. இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் போச்சு. இதை நான் பெரிய சோகமாகச் சொல்லவில்லை. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு இதைவிட அதிகம் போயிருக்கும்.

நான் சொல்ல வந்தது வேற. நெல்லை ஏற்றும்போது அந்த வியாபாரி என் தோளில் கை போட்டு, "அண்ணே, உங்களுக்கு மட்டும்தான் இந்த விலை. வெளியில சொல்லிடாதீங்க" என்றார். நானும் பெருமையாக வாயை மூடிக்கொண்டேன். செயலாளர் என்பதால் மரியாதை கொடுக்கிறார் என்று நினைத்தேன்! மாசி மாசம் ஒரு காதுகுத்து விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்து பேசும்போதுதான் தெரிந்தது. எங்கள் தெருவில் ஐந்து பேர் அதே வியாபாரிக்குத்தான் கொடுத்திருக்கிறோம். ஐந்து பேருக்கும் "உங்களுக்கு மட்டும்தான்". என் மச்சானுக்கு 1,100. கணவனை இழந்து தனியாகப் பயிர் வைக்கிற ஒரு அம்மாவுக்கு 980. ஒரே வாரம், ஒரே ரகம், ஒரே ஈரம்.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் தொழில் அது. அவருக்கு ஐந்து பேர் விலையும் தெரியும். எங்களுக்கு அவரவர் விலை மட்டும் தெரியும். விலையே அங்கேதான் தீர்மானமாகிறது. மொசாம்பிக் கிராமத்துக்கு மூட்டை வாங்க வருகிறவனும் இதே வார்த்தையை அவன் பாஷையில் சொல்லாமலா இருப்பான்?

அடுத்த நவரைக்கு நாங்கள் ஏழு குடும்பம் சேர்ந்தோம். ஒரே நாளில் மூன்று வியாபாரியை வரச் சொன்னோம். எடைமேடை வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டோம். எல்லாருக்கும் ஒரே விலை, 1,210 ரூபாய் கிடைத்தது. அரசு விலைக்கு இன்னும் கீழேதான். இருந்தாலும் 980-க்குக் கொடுத்த அந்த அம்மாவுக்கு மூட்டைக்கு 230 ரூபாய் கூட. இரண்டு போகம் அப்படி நடத்தினோம். மூன்றாவது போகத்தில் ஒருத்தர் நடவுக்கு முன்னாடியே வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பெண்ணுக்குப் பிரசவச் செலவு. அவர் நெல் தனியாகப் போனது, அவரைப் பார்த்து இன்னொருத்தர், கதை முடிந்தது. கையில் ரொக்கம் இல்லாத ஒற்றுமை அறுவடை வரைக்கும்தான் தாங்கும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஆப்பிரிக்கா பற்றி நான் படிக்க ஆரம்பித்ததே இதற்குப் பிறகுதான். கானா என்று ஒரு நாடு. அப்போது அதற்கு கோல்டு கோஸ்ட் என்று பேர், வெள்ளைக்காரன் ஆட்சி. சாக்லேட்டுக்கு மூலப்பொருளான கோக்கோ அங்கே சிறு விவசாயி விளைவிப்பது. 1937-ல் கோக்கோ வாங்குகிற ஐரோப்பியக் கம்பெனிகள் பத்துக்கும் மேலே ஒன்றாகச் சேர்ந்து ரகசியமாக ஒப்பந்தம் போட்டன. ஒருத்தனுக்கு ஒருத்தன் போட்டி போட்டு விலையை ஏற்றக் கூடாது, வாங்குவதைப் பங்கு பிரித்துக்கொள்வோம் என்று. விவசாயிக்குச் சேதி தெரிந்தது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? விற்பதையே நிறுத்திவிட்டார்கள்! ஊர்த் தலைவர்கள் கூடவே நின்றார்கள். வெள்ளைக்காரக் கடையில் துணி, சாமான் வாங்குவதையும் விட்டார்கள். 1937 கடைசியில் ஆரம்பித்து 1938 ஏப்ரல் வரைக்கும் கோக்கோ அசையவில்லை. லண்டனில் இருந்து விசாரணைக் கமிஷன் வந்தது, கம்பெனிகளின் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள் அரை வருஷம் பட்டினி தாங்கிச் செய்த காரியம் அது.

ஆனால் அதோடு கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதவே வேண்டாம். கம்பெனி போன இடத்தில் அரசு வாரியம் வந்தது. 1947-ல் கோக்கோ விற்பனை வாரியம் அமைத்தார்கள். விவசாயி பேரில் வாங்கி, உலகச் சந்தையில் விற்று, வித்தியாசத்தை வாரியம் வைத்துக்கொண்டது. கேட்டால் "உங்கள் நன்மைக்குத்தான்" என்றார்கள்.

இன்னொன்று. தான்சானியாவில் கிளிமஞ்சாரோ மலை அடிவாரத்தில் காப்பி போடுகிற சிறு விவசாயிகள் 1933-லேயே ஒரு கூட்டுறவு ஒன்றியம் அமைத்தார்கள். நல்ல வலுவான ஒன்றியம். 1976-ல் அந்த நாட்டு அரசாங்கம், சுதந்திரம் வாங்கிக் கொடுத்த அதே அரசாங்கம், நாட்டில் உள்ள கூட்டுறவு ஒன்றியங்களை எல்லாம் கலைத்துவிட்டது. அந்த வேலையை அரசுக் கழகங்கள் பார்க்கும் என்றது. 1982-ல் சட்டம் போட்டுத் திரும்பவும் அனுமதித்தார்கள். நடுவில் போன நம்பிக்கை போனதுதான்.

1976 என்று படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோழர்களே, அதே 1976-ல்தான் தமிழ்நாட்டிலும் கூட்டுறவு சங்கங்களுக்குத் தனி அலுவலரை நியமிக்கச் சட்டம் வந்தது. அப்புறம் 1996-ல்தான் தேர்தல். இருபது வருஷம்! அப்போது பிறந்த பிள்ளை வாலிபனாகி ஓட்டுப் போடும் வயசு வந்த பிறகும் அவன் ஊர் சொசைட்டியில் தேர்தல் நடக்கவில்லை. 2001-ல் மறுபடியும் கலைத்தார்கள். 2018-ல் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுக்களுக்கு 2023-ல் காலம் முடிந்ததும் திரும்பவும் தனி அலுவலர் கைக்குப் போனது. எந்தக் கட்சி ஆண்டாலும் இதில் வித்தியாசம் இல்லை. சங்கம் அமைப்பதை அரசியல் சட்டத்திலேயே அடிப்படை உரிமை என்று 97-வது திருத்தத்தில் எழுதி, 2012-ல் அமலுக்கும் கொண்டுவந்தார்கள். காகிதத்தில் உரிமை, பூட்டுச் சாவி அலுவலரிடம்.

நம் மாவட்டத்துக்கு இதில் தனி வெட்கம் உண்டு. இந்திய நாட்டின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் எங்கே பதிவானது? 1904-ல், இதோ பக்கத்தில், திருவள்ளூர் அருகே திரூரில்! நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற அதே திரூர்தான். டி.கே.எம். 9 போட்டவர்களும் இப்போது டி.கே.எம். 13 போடுகிறவர்களும் அந்த ஊர்ப் பேரைத்தான் விதைக்கிறோம். வட்டிக்காரனிடம் நிலத்தை இழந்துகொண்டிருந்த ரயத்துக்காக, சென்னை மாகாண அதிகாரி நிக்கல்சன் என்பவர் ஜெர்மனி வரைக்கும் போய் அங்கே கிராமத்தான் நடத்துகிற கடன் சங்கங்களைப் பார்த்து அறிக்கை எழுதினார். அதில் இருந்து பிறந்த சட்டம் அது. நூற்றிருபது வருஷம் ஆன பிறகும் நம் சொசைட்டி கடன் கொடுக்கிற ஜன்னல், யூரியா கொடுக்கிற ஜன்னல், ரேஷன் கடை. அவ்வளவுதான். நம் நெல்லை நம் சார்பில் விற்கிற இடமாக அது ஆகவே இல்லை.

இதில் நம் தப்பும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். 2006-ல் கடன் தள்ளுபடி வந்தது. 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி வந்தது. நாம்தான் போராடி வாங்கினோம், வாங்க வேண்டியதுதான். ஆனால் சொசைட்டி என்றாலே தள்ளுபடி எப்போது வரும் என்று மட்டும் கேட்கிற பழக்கம் வந்துவிட்டது. பொதுப் பேரவைக்கு எத்தனை பேர் போகிறோம்? வரவு செலவுக் கணக்கை எத்தனை பேர் படித்தோம்? பக்கோடா கொடுத்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள்தானே நாம்.

தமிழ்நாட்டிலேயே விற்பனைக்கு வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். திருச்செங்கோட்டில் கூட்டுறவு விற்பனைச் சங்கம் உறுப்பினரின் பருத்தியையும் மஞ்சளையும் ஏலத்தில் விடுகிறது. வியாபாரிகள் எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்து விலை எழுதணும். "உங்களுக்கு மட்டும்தான்" என்று தோளில் கை போட அங்கே இடம் இல்லை. குஜராத் ஆனந்தில் 1946-ல் பால்காரர்கள் பதினைந்து நாள் பாலைக் கொடுக்க மறுத்து ஆரம்பித்தது என்னவாக வளர்ந்தது என்று உங்களுக்கே தெரியும். நெல்லுக்கு மட்டும் அப்படி ஒன்று நம் பக்கம் வரவில்லை.

இப்போது திரும்பவும் கானா. 1993-ல் அங்கே கோக்கோ வாங்குவதை அரசு கொஞ்சம் தளர்த்தியபோது, இருபத்திச் சொச்சம் கிராமத்து விவசாயிகள் சேர்ந்து குவாபா கோக்கூ என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அவர்கள் பாஷையில் 'நல்ல கோக்கோ விவசாயி' என்று அர்த்தம். எனக்கு அதில் பிடித்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு கிராமத்திலும் கோக்கோவை எடை போட்டுக் கணக்கு எழுதுகிற ஆளை அந்தக் கிராமத்து உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். வெளியில் இருந்து அனுப்பின ஆள் இல்லை. எடையில் கை வைத்தால் அடுத்த தேர்தலில் அவன் இல்லை. நம் கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டைக்கு எத்தனை கிலோ 'கூட' வைக்கணும் என்று பேசிப் பேசியே நாம் கிழவனாகிவிட்டோம். அவர்கள் தராசையே தேர்தலில் நிறுத்திவிட்டார்கள்.

அதோடு விடவில்லை. 1998-ல் லண்டனில் ஒரு சாக்லேட் கம்பெனி ஆரம்பித்தபோது அதில் இந்த விவசாயிகள் மூன்றில் ஒரு பங்கு வைத்துக்கொண்டார்கள். 2006-ல் அது 45 விழுக்காடு ஆனது. கோக்கோ விளைவிக்கிறவன் சாக்லேட் கம்பெனிக்கு முதலாளி! நியாய வணிக முத்திரைக்குக் கிடைத்த கூடுதல் பணத்தில் கிணறு, பள்ளிக்கூடம் கட்டினார்கள்.

அவர்களும் கஷ்டம் இல்லாமல் வரவில்லை. 2009-ல் சில கிராமத்துத் தோட்டங்களில் குழந்தைகள் வேலை செய்தது தெரிந்து அந்தக் கிராமங்களை விலக்கி வைக்க வேண்டி வந்தது. 2020-ல் அந்தச் சாக்லேட் கம்பெனியை ஜெர்மன் கம்பெனி ஒன்று வாங்கியபோது விவசாயிகள் பங்கு 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. 2019-ல் கானாவும் ஐவரி கோஸ்டும் கை கோத்து, டன்னுக்கு 400 டாலர் விவசாயிக்குக் கூடுதலாகக் கொடுத்தால்தான் கோக்கோ என்று அறிவித்தார்கள். உலகக் கோக்கோவில் பாதிக்கு மேல் அவர்கள் இரண்டு பேருடையது. கம்பெனிகள் அதை ஒத்துக்கொண்டு, வேறு ஒரு கணக்கில் விலையைக் குறைத்துத் திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்த்தன. 2024-ல் உலகச் சந்தையில் கோக்கோ டன் 10,000 டாலரைத் தாண்டியபோதும், சரக்கை முன்கூட்டியே பழைய விலைக்கு விற்றுவிட்டதால் கானா விவசாயிக்கு அதில் பெரும்பகுதி வந்து சேரவில்லை. போராட்டம் ஒரு தடவை ஜெயித்தால் போதும் என்பது அங்கேயும் இல்லை.

"எலெக்‌ஷன் வச்சா மட்டும் என்ன, கட்சிக்காரன்தானே வந்து உட்காருவான்?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. முன்னே நடந்த தேர்தல்களில் அடிதடி பார்த்தோம், உறுப்பினர் பட்டியலில் செத்தவர் பேர் பார்த்தோம். ஆனால் கட்சிக்காரன் உட்கார்ந்தால் அவன் நம் ஊர்க்காரன். டீக்கடைக்கு வந்துதான் ஆகணும். வழியில் மறித்துக் கேட்கலாம். தனி அலுவலரை எங்கே மறிப்பது? ஒருத்தருக்கே நாலைந்து சங்கம், எந்த நாளில் எங்கே இருப்பார் என்று அவருக்கே தெரியாது.

அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் இன்னும் பயிர் வைக்கிறவர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். ஒரு பக்கம் அனல்மின் நிலையம், ஒரு பக்கம் துறைமுகம், கீழே உப்புத் தண்ணீர். மீஞ்சூரில் கடல் நீர் நிலத்தடியில் ஏறுவதை 1960-களிலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருக்கிற நிலத்தையும் மனை போடச் சொல்லிப் புரோக்கர்கள் சுற்றுகிறார்கள். "நெல்லு போட்டு இன்னா கண்ட நைனா?" என்று என் மகனே கேட்கிறான். விலையில் தோற்றுக்கொண்டே இருந்தால் அவனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? நிலத்தைக் காப்பாற்றுகிற போராட்டமும் விலைப் போராட்டமும் இங்கே ஒன்றுதான்.

அதனால் இந்தத் தர்ணாவில் நாம் கேட்கப்போவது இது. கூட்டுறவு சங்கத் தேர்தலைக் காலம் தவறாமல் நடத்த வேண்டும். காலம் முடிந்தால் தனி அலுவலர் என்கிற வழியைச் சட்டத்தில் இருந்தே எடுக்க வேண்டும். கொள்முதல் நிலையம் வருஷா வருஷம் கூடாரம் போட்டுப் பிரிக்கிற திருவிழாக் கடையாக இருக்கக் கூடாது. கூரை, உலர்களம், கிடங்கோடு நிரந்தரமாக வேண்டும். அதைச் சொசைட்டியிடம் கொடுக்க வேண்டும். தராசிலும் ஈரப்பதக் கருவியிலும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த ஒருத்தர் கூடவே நிற்க வேண்டும். 2025-26-க்கு ஊக்கத்தொகை சேர்த்துச் சாதா ரகத்துக்கு 2,500 ரூபாய், சன்னத்துக்கு 2,545 ரூபாய் என்று அறிவித்தார்கள். 40 கிலோ மூட்டைக்கு முழுசாக ஆயிரம் ரூபாய் கையில் வந்து சேரும் வரை அது வெறும் அறிவிப்புதான். அறுவடை நேரத்தில் விலை விழும்போது நெல்லை வைத்துக் கடன் வாங்குகிற பொருளீட்டுக் கடன் ஏற்கெனவே சட்டப்படி இருக்கிறது. அது நம் சொசைட்டி வாசலிலேயே அன்றைக்கே கிடைக்க வேண்டும். அது இருந்திருந்தால் எங்கள் ஏழு பேர் கூட்டு உடைந்திருக்காது.

கடைசியாகப் பெரியவர் சிரித்த அந்தக் கோரிக்கை. அரசாங்கம் ஆப்பிரிக்காவில் துவரை வாங்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விதைப்புக்கு முன்னாடியே அளவையும் விலையையும் இரண்டு நாட்டு விவசாயிக்கும் சொல்லிவிட்டு வாங்கட்டும். அங்கே உள்ள விவசாயிகள் கூட்டுறவுகளிடம் நேராக வாங்கட்டும், கிடங்குக்காரனிடம் வேண்டாம். இங்கே வரப்பில் துவரை போடு என்று நம்மிடம் சொல்லுகிற வேளாண்மைத் துறை, ஆதரவு விலைக்கு அதை நம்மிடம் முதலில் வாங்கட்டும். அவன் துவரை அடிமாட்டு விலைக்கு வந்தால் விழப்போவது நம் துவரை விலைதான். அவனுக்கு நல்ல விலை கிடைத்தால் நமக்குக் கேடு இல்லை, பெரியவரே. அதற்குத்தான் வக்காலத்து.

தர்ணா நாளும் இடமும் அட்டையில் இருக்கிறது. வருகிறவர்கள் சொசைட்டி பாஸ்புக்கையும் பங்குத் தொகை கட்டின ரசீதையும் கையோடு எடுத்து வாருங்கள். ரசீது தொலைந்தவர்கள் பேரும் கணக்கு எண்ணும் மட்டும் எழுதி வந்தால் போதும். யார் யார் உண்மையான உறுப்பினர் என்று நாமே ஒரு பட்டியல் எடுக்கப் போகிறோம். பெண்கள் பேரில் நிலம் இருக்கிற வீடுகளில் இருந்து அவர்களே வரணும், வீட்டுக்காரரை அனுப்ப வேண்டாம். மதியச் சாப்பாடு சங்கத்தில் ஏற்பாடு. சாம்பார்தான்.

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம், அத்திப்பட்டு